சுரங்கத்துக்குள் அரைப்பேர்

1

ஜெர்மனியில் யாரையும் வேலையை விட்டுத் துரத்துவதில்லை. விடுவிக்கிறார்கள். அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது, கைவிலங்கைக் கழற்றிவிட்டு மாலை போட்டு அனுப்புவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் விடுவிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டேன். மாலை கிடையாது. ஓர் அட்டைப் பெட்டி கொடுப்பார்கள், மேஜை மேல் இருக்கும் சொந்தச் சாமான்களைப் போட்டுக்கொள்ள.

மகளின் பள்ளிக்கூடத்தில் இலையுதிர்கால விடுமுறை விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை என் மேலதிகாரி ஸ்டெஃபானிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஸ்டெஃபான் நல்ல மனிதர். கெட்ட செய்தியையும் நல்ல காகிதத்தில் சுற்றித்தான் தருவார். வியாபாரம் மந்தமாக இருக்கிறதாம். என் குழுவில் இரண்டு பேரை விடுவிக்க வேண்டியிருக்கிறதாம். யாரை என்பதை என் அனுபவத்தைக் கொண்டு நானே பரிந்துரைத்தால் நன்றாக இருக்குமாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதுமாம். கடைசி வரியில், மலைக்காற்றை நன்றாக அனுபவியுங்கள் என்று எழுதியிருந்தார்.

என் குழுவில் என்னையும் சேர்த்து ஆறு பேர். சலவை இயந்திரத்துக்குள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அது ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று சோதிப்பது எங்கள் வேலை. கம்ப்யூட்டர் என்ஜினியர் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அழுக்கே இல்லாத துணியைத் துவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் மாப்பிள்ளை மரியாதை போய்விடும்.

எங்களில் ஃபிளோரியான் புலி. சின்ன வயசு, மின்னல் வேகம். டனூட்டா என்ற போலந்து அம்மாளுக்கு ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கிறது. ஃபிளோரியான் காலையில் முடிப்பதை அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சாயங்காலம் முடிப்பார். மெஹ்மெத்துக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து உட்கார முடியாது. நின்றுகொண்டே வேலை பார்ப்பான், நடுநடுவே தரையில் படுத்துக்கொள்வான். மற்ற இருவரும் நடுத்தரம். ஆக, எந்த இரண்டு பேர் என்பது எனக்குத் தெரியும், ஸ்டெஃபானுக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்ததை என் வாயால் சொல்ல வைப்பதற்கு அங்கே கலந்தாலோசனை என்று பெயர்.

2

எங்கள் குடும்பத்தில் சொந்தச் செலவில் கடல் தாண்டிய முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் எல்லாமே சர்க்கார் செலவு. தாத்தாவுடைய தாத்தாவை வெள்ளைக்காரன் கொண்டுபோய் இலங்கை மலையில் தேயிலைக்கு நடுவில் விட்டான். பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அப்பா இந்தியாவின் பங்கில் விழுந்தார். அதுவரை கண்ணால் பார்த்தேயிராத தாயகத்துக்கு அவர் திரும்பி வந்தார். முகாமில் கொஞ்ச காலம் கிடந்துவிட்டு, கடைசியில் கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தார். குளிர் இருந்தது, சரிவு இருந்தது, ரத்தம் குடிக்கும் அட்டை கூட இருந்தது. தேயிலைதான் இல்லை. உருளைக்கிழங்கு தோண்டினார்.

இதையெல்லாம் ஜெர்மனியின் அயல்நாட்டினர் அலுவலகத்தில் விளக்க வேண்டி வந்தது. என் தகப்பனார் பிறந்த நாடு இலங்கை என்று போட்டிருந்ததைப் பார்த்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், அப்படியானால் நீங்கள் இலங்கைக்காரரா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு உங்கள் தந்தை ஏன் அங்கே பிறந்தார் என்றார். ஆங்கிலேயர்கள் தேநீர் குடிப்பார்கள், அதனால் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘குடும்பக் காரணங்கள்’ என்று எழுதிக்கொண்டார்.

அப்பா மலைக்கு வந்த பிறகும் தோட்டத்துப் பேச்சை விடவில்லை. ஒரு நாள் வேலையை அவர் ‘ஒரு பேர்’ என்றுதான் சொல்வார். தோட்டத்தில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டுப் பதிவார்கள். பறித்த கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப்பேர், அதாவது முழுக்கூலி. குறைந்தால் அரைப்பேர். லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், அரைப்பேர் வாங்குவது தலைகுனிவு. ஆனால் மலைக்கு வந்த எங்கள் ஆட்கள் அந்தத் தலைகுனிவையே ஒரு வழக்கமாக்கிக்கொண்டார்கள். மன்னவனூர்ப் பக்கம் கிழங்குக் காட்டுக்காரர் நாலு ஆள் போதும் என்பார். போயிருப்பது ஆறு பேராக இருக்கும். ஒருவரும் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். ஆறு பேரும் இறங்கித் தோண்டுவார்கள், நாலு ஆள் கூலியை ஆறாகப் பிரித்துக்கொள்வார்கள். ‘எல்லாரும் அரைப்பேரு எடுத்துக்குவோம்’ என்பார்கள். கணக்குப்படி அது அரைக்கு மேலேயே வரும். ஆனாலும் அதற்குப் பெயர் அரைப்பேர்தான்.

காட்டுக்காரருக்கு இதில் ஒரு தீராத சந்தேகம்.

“நாலு பேரு செய்ற சோலிய ஆறு பேரு செஞ்சா வெரசா முடியணும்ல? எப்புடிய்யா அதே நேரம் ஆகுது?”

அப்பா மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு சொல்வார்: “பேசிக்கிட்டே செய்றோம்ல மொதலாளி.”

3

அந்த விளையாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரமாகிவிடும், அந்தக் கம்பெனிக்காரன் எனக்குக் காலணா தரப் போவதில்லை. நாங்கள் அதற்கு வைத்த பெயர் ‘சுரங்கம்’.

என் கூட்டாளி அப்பாஸின் அத்தா, அதாவது அவன் தகப்பனார், கொடைக்கானல் பஜாரில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வேண்டாத பொருட்களை ஏலம் விட்டபோது, இரும்புக் கட்டில்களோடு ஒரு கம்ப்யூட்டரும் மொத்த விலையில் வந்து சேர்ந்தது. அத்தாவுக்குக் கட்டில்தான் குறி. கம்ப்யூட்டர் கடைக்குப் பின்னால் கிடந்தது. அப்பாஸும் நானும் எட்டாம் வகுப்பு. என் அக்கா தவமணி பத்தாவது. ஒரு மழை நாளில் அதை மின்சாரத்தில் செருகினோம். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள் வந்தன. கோடுகள் சேர்ந்து ஒரு நடைபாதை ஆயின. முன்னால் போகலாம், திரும்பலாம், கதவை உதைக்கலாம். உதைத்தால் உள்ளே இருப்பது பூதமா புதையலா என்பது உதைத்த பிறகுதான் தெரியும்.

ஆறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பாதாளத்தில் தளம் தளமாக இறங்க வேண்டும். நாங்கள் மூவர், பஜார்ப் பிள்ளைகள் மூவர். ஆளுக்கொரு பாத்திரம், எல்லாவற்றுக்கும் எங்கள் சொந்தப் பெயர். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் அக்கா மட்டும்தான், அதனால் அவள் சொன்னதுதான் சட்டம்.

அந்த விளையாட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. முன்வரிசையில் நிற்கும் மூன்று பேர் அடித்து அடி வாங்குவார்கள். பின்வரிசையில் நிற்கும் மூன்று பேருக்கு அநேகமாக அடி விழாது; மந்திரம் போடுகிறவர்களை அங்கே பத்திரமாக நிறுத்த வேண்டும். உலகத்தில் இதை விளையாடிய எல்லாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நாங்கள் செய்யவில்லை. ஏனென்றால் முதல் சண்டை முடிந்ததுமே அக்கா பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டாள்.

“முன்னால நின்னு அடி வாங்குனவனுக்கும் ஒரு பேரு, பின்னால சும்மா நின்னவனுக்கும் ஒரு பேரா? இது எந்த ஊரு ஞாயம்?”

அதனால் முறை வைத்தோம். ஒவ்வொரு சண்டைக்கும் வரிசை மாறும். அப்பாஸ் மந்திரவாதி, ஊதினால் விழுந்துவிடும் உடம்பு. அவனும் தன் முறைக்கு முன்னால் வந்து நின்று பூதத்தை முறைத்தான். எங்களிடம் ஒரே ஓர் இரும்புச் சட்டை இருந்தது. அதையும் முறை வைத்துப் போட்டுக்கொண்டோம். மந்திரவாதி இரும்புச் சட்டை போடக் கூடாது என்று விளையாட்டு மறுத்தது. அப்படியானால் அவன் முறை வருகிற அன்றைக்கு யாருமே சட்டை போட வேண்டாம் என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். மருந்து ஒன்று இருந்தால் ஒருவனை முழுசாகக் குணமாக்க மாட்டோம்; இரண்டு சண்டையைத் தள்ளிப் போட்டு, ஆளுக்குக் கொஞ்சமாகக் கிடைக்கும் வரை காத்திருப்போம். இப்படியாக ஆறு பேரும் ஒரே அளவுக்கு அரைகுறையாக, ஒரே அளவுக்குக் காயத்தோடு, நாலாவது தளம் வரை போனோம்.

நாலாவது தளத்தில் சமத்துவமாகச் செத்தோம். ஒரே சண்டையில் ஆறு பேரும். திரையில் ஆறு கல்லறை வந்து நின்றது. அப்பாஸ் விக்கி விக்கி அழுதான். முன்கடையிலிருந்து அத்தா வந்து பார்த்துவிட்டு, “என்னங்கடா கடைக்குள்ள எழவு கொட்டுறீங்க, ஏவாரம் நடக்க வேணாமா?” என்று கம்ப்யூட்டரைப் பிடுங்கிப் போட்டார். மறுவாரம் யாரோ ஒரு கிறுக்கர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

4

இன்றைக்கு அக்கா மன்னவனூரில் கேரட்டும் போடுகிறாள், மூன்று அறை கட்டி விருந்தினர் இல்லமும் நடத்துகிறாள். வாசலில் ஆங்கிலப் பலகை. மேகத்துக்கு மிக அருகில் என்று போட்டிருக்கிறது. மேகம் அறைக்குள்ளேயே வந்து போர்வையை நனைப்பதால் யாரும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. எட்டு மணிக்கு மேல் வெந்நீர் கிடையாது என்பதை அவள் சொல்லும் விதம் தனி: “ஹாட் வாட்டரு மார்னிங் மட்டுந்தாங்க சார், வெள்ளனே எந்திரிச்சா ஃபுல் பக்கெட்டு.”

மகள் இனியாவுக்குப் பதினைந்து வயசு. பெரியவர்களை ‘நீங்க’ என்று சொல்ல வேண்டும் என்று சின்னதிலிருந்தே அடித்துச் சொல்லி வளர்த்ததில், அவளுக்கு ‘நீ’ என்ற சொல்லே வராமல் போய்விட்டது. அக்கா வீட்டு நாயிடம், “நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்கிறாள். நாயும் இதுவரை கிடைக்காத மரியாதையில் குழம்பிப்போய் உட்காராமலே நிற்கிறது. ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிப் போனேன். பச்சைச் சரிவையும் ஆடுகளையும் பார்த்துவிட்டு, “பவேரியா மாதிரியே இருக்கு” என்றாள். பதினாலு மணி நேரம் பறந்து, மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது ஜெர்மனியிலேயே இருக்கிற பவேரியாவைப் பார்க்கத்தான் போல.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இனியா மடிக்கணினியைத் திறந்து போர்வைக்குள் உட்கார்ந்தாள். தேநீர் கொண்டுபோன நான் திரையைப் பார்த்துவிட்டு நின்றேன். கோடுகளுக்குப் பதில் கல்சுவர், பந்தம், பாசி. ஆனால் அதே நடைபாதை.

“இது என்ன கேம்?”

“ரெட்ரோ, அப்பா. பழசைப் புதுசா பண்ணியிருக்காங்க. உங்களுக்குத் தெரியாது.”

“அந்தத் திருப்பத்துல இடது கைப் பக்கம் சுவத்த ஒதச்சுப் பாரு. மறைகதவு இருக்கும்.”

உதைத்தாள். இருந்தது. இனியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வைஃபை கடவுச்சொல் கேட்கும்போது தவிர, அவள் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து ரொம்ப நாளாயிற்று. எனக்குச் சந்தோஷத்தில் தேநீர் தளும்பிவிட்டது.

அப்பாஸுக்குப் போன் போட்டேன். பழனிக்குப் போய்விட்டு மலை ஏறிக்கொண்டிருந்தவன், கடைக்குக் கூடப் போகாமல் ஒரு பை நிறைய ஆயக்குடிக் கொய்யாவோடு நேராக வந்துவிட்டான். இப்போது அவன் பஜாரில் சாக்லேட்டும் தைலமும் விற்கிறான். தலையில் முடி இல்லை, வயிறு இருக்கிறது. அக்காவும் கேரட் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்தாள். நாலு பேரும் ஒரே போர்வைக்குள் திரை முன்னால் உட்கார்ந்தோம்.

இனியா எங்களுக்கு விளையாடிக் காட்டினாள். அடேயப்பா, என்ன கெட்டிக்காரத்தனம்! புதிதாக ஓர் ஆளைச் சேர்த்தால் அவன் கையில் கொஞ்சம் பொற்காசு இருக்கும். இவள் ஆளைச் சேர்க்கிறாள், காசைப் பிடுங்கித் தன் வீரனிடம் கொடுக்கிறாள், ஆளை அழித்துவிடுகிறாள். அடுத்த ஆள். பிடுங்கு, அழி. பலசாலியாகப் பிறந்தவனை மட்டும் வைத்துக்கொள்கிறாள். பத்து நிமிஷத்தில் அவளுடைய ஆறு பேரும் தலை முதல் கால் வரை இரும்புக் கவசத்தில் மின்னினார்கள். எங்கள் ஆறு பேருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு சட்டைதான்.

“யாரும் சொல்லித் தந்தாங்களா?” என்றேன்.

“எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. இதுதான் எஃபிஷியன்ட்.”

“நல்ல ஏவாரம்ல இது!” என்றான் அப்பாஸ், உண்மையான வியப்போடு. “சரக்க எடுத்துக்கிட்டு சாக்க எறிஞ்சுர்றது. எங்க அத்தா இருந்திருந்தா ஒன்னையக் கடையில ஒக்கார வச்சிருப்பாரு பாப்பா.”

அக்கா மட்டும் கொய்யாவைக் கடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “ரவி, ஒம்மகளுக்குக் கங்காணி வேலைக்கு எல்லாத் தகுதியும் இருக்குலே.”

5

தோட்டத்தில் ஆட்களை மேய்ப்பவன்தான் கங்காணி. அதைச் சொன்னதும் இனியா, அது பெரிய பதவியா என்று ஆர்வமாகக் கேட்டாள். பெரிய பதவிதான் என்றாள் அக்கா, ஊரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டில் விடுகிற பதவி.

“நீ அழிச்சியே, அவுங்களுக்குப் பேரு என்ன?”

“பேர் எதுக்கு அத்தை? ஏ-ஒண்ணு, ஏ-ரெண்டு.”

“பேரு போடாமயா ஆளு எடுப்பாக? தள்ளு, அடுத்த ஆளுக்கு நான் போடுறேன்.”

அக்கா ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். திரையில் என் பெயர் வந்தது. ரவி. தொழில்: மந்திரவாதி. உயிர்ச்சக்தி: மூன்று. கூடவே கிழிந்த அங்கி போட்ட ஒரு சோனியின் படம்.

“அப்பாவுக்குக் கொஞ்சம் பொருத்தமாத்தான் இருக்கு” என்றாள் இனியா. காசைப் பிடுங்கினாள். அழிக்கும் பொத்தானுக்குப் போனாள். ‘ரவியை நிச்சயமாக அழிக்கவா?’ என்று பெட்டி கேட்டது. அவள் விரல் நின்றது.

“அப்பா, இது வெறும் கேம்.”

“தெரியும். அழி.”

“உங்க சக்தி மூணுதான். உங்களால எந்தப் பிரயோஜனமும் இல்ல.”

“தெரியுங்கிறேன்ல. அழி.”

எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஒரு மடிக்கணினியிடம் போய் அவமானப்படுவதா என்று சிரித்தேன், சிரிப்பு சரியாக வரவில்லை. இனியா ‘இல்லை’ என்பதை அழுத்தினாள். பிறகு எரிச்சலோடு பிடுங்கிய காசைத் திருப்பிப் போட்டாள். “இது ரொம்ப அன்-எஃபிஷியன்ட்” என்று முணுமுணுத்துக்கொண்டே தன்னுடைய இரும்பு வீரன் ஒருவனை விடுதியில் படுக்க வைத்துவிட்டு, அந்தச் சோனியைப் பின்வரிசையில் சேர்த்தாள்.

அப்போதுதான் ஸ்டெஃபானின் மின்னஞ்சலைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். அதுவரை மனைவி கலாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். டனூட்டாவின் கண்ணாடி, மெஹ்மெத்தின் முதுகு, வெள்ளிக்கிழமை, எல்லாம் சொன்னேன்.

அப்பாஸ் வியாபாரி. “ரெண்டு பேரு போனா நாலு பேரு பொழைக்கும்ல? கப்பலு முழுவாம இருக்கணும்ல?” என்றான்.

“ஆறு பேருக்கும் அரைப்பேரு போடச் சொல்லு” என்றாள் அக்கா, உப்புப் போடச் சொல்வது போல.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அக்கா, இது கிழங்குக் காடு இல்ல. அப்படிச் சமமா வெளையாடித்தான நாலாவது தளத்துல மொத்தமாச் செத்தோம்? ஒருத்தர் மிஞ்சல!”

“செத்தோம்ல?” என்றாள் அக்கா. “ஒருத்தரும் மிஞ்சாமச் செத்தோம்ல? செத்தவனப் பாத்து அழுவுறதுக்கு எவனையாச்சும் ஒத்தையில விட்டோமா?”

அப்பாஸ் வாயில் வைத்த கொய்யாவை எடுத்துவிட்டான். அது தோல்விக்குச் சொன்ன சமாதானமா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. ஆனால் டனூட்டாவும் மெஹ்மெத்தும் அட்டைப் பெட்டியோடு வெளியே போவதை, கையைக் கட்டிக்கொண்டு நின்று நான்தான் பார்க்க வேண்டும் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

6

வேடிக்கை என்னவென்றால், அரைப்பேருக்கு ஜெர்மனியில் சட்டமே இருக்கிறது. வேலை குறைந்தால் எல்லாரும் குறைந்த நேரம் வேலை செய்யலாம். இழந்த கூலியில் ஒரு பகுதியை அரசாங்கம் தரும். செய்தித்தாளில் பலமுறை வாசித்திருக்கிறேன். அது எங்களைப் போன்றவர்களுக்கும் உண்டு என்பதை மன்னவனூருக்கு வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஸ்டெஃபானுக்கு எழுதினேன். சுவாரஸ்யமான யோசனை என்று பதில் வந்தது. ஜெர்மனியில் ஒருவர் சுவாரஸ்யம் என்று சொன்னால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இது முடியவில்லை. எங்களுடையது தொழிலாளர் குழு இல்லாத சின்னக் கம்பெனி, அதனால் ஆறு பேரும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும், ஒருவர் மறுத்தாலும் நடக்காது, வெள்ளிக்கிழமைக்குள் ஆறு கையெழுத்து வந்தால் மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போடுவதற்கான இணைப்பையும் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்.

அக்கா வீட்டில் மழைக்கு வைஃபை செத்துவிட்டது. கேரட் காட்டுக்கு மேலே உள்ள சரிவில் ஏறினால்தான் கைபேசி பேசும். குடையோடு ஏறி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மெஹ்மெத் பேச்சை முடிக்கும் முன்பே சரி என்றான். டனூட்டா சம்மதித்துவிட்டு, தன்னை அனுப்பப் போவதாகச் சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்ததாகச் சொன்னார். நடுத்தரம் இருவரும் சம்மதித்தார்கள். ஃபிளோரியானைக் கடைசியாக வைத்திருந்தேன். திறமைசாலி, பலவீனர்களுக்காக அவன் ஏன் இழக்க வேண்டும்? அதற்காகவே மனிதநேயம், ஒற்றுமை, கூட்டுப்பொறுப்பு என்று ஜெர்மன் மொழியில் ஓர் உரை தயாரித்து, ஆடுகளுக்கு முன்னால் ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

“அப்படியானால் இனி வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கு வர வேண்டாமா?” என்று கேட்டான் ஃபிளோரியான்.

“வேண்டாம்.”

“அருமை! மலையேறப் போகலாம்.” போனை வைத்துவிட்டான். உரை அப்படியே என் வாய்க்குள் நின்றது.

அன்று மாலை கலா பேசினாள். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள், கால் வலியோடு வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வெற்றிச் செய்தியைச் சொன்னேன்.

“ஆறு பேரும்னா நீங்களும் சேர்த்தியா?”

“ஆமா.”

“உங்களை அனுப்பப் போறதா யாராவது சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்போ அரைப்பேர் வாங்குறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? வாடகைக்காரன்கிட்ட அரை வாடகை தர்றேன்னு சொல்லிப் பாருங்க. இனியாவோட ஸ்கூல் டூர் பாதி வழியில எறங்கிக்கணுமா? நான் எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் எடுக்கணுமா?” கடைசியாக, “நல்லவரா இருங்க, வேண்டாங்கல. யாரைக் கேட்டு அப்படி இருக்கீங்க?” என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதுதான் சிக்கல். மற்றவர்களிடம் அரைப்பேர் கேட்கும்போது என் குரல் எவ்வளவு கம்பீரமாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தேன். அது ஐந்து பேருடைய கூலியைப் பற்றிப் பேசிய கம்பீரம்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெஃபானிடமிருந்து செய்தி வந்தது. ஐந்து சம்மதம் வந்துவிட்டதாம், என்னுடையதை மட்டும் காணோமாம், ஏதாவது தொழில்நுட்பச் சிக்கலா என்று அக்கறையாகக் கேட்டிருந்தார். மலையில் இணையம் சுத்தமாக வேலை செய்யவில்லை என்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். உடனே போய்ச் சேர்ந்தது.

மதியம் வரை அந்தச் சரிவிலேயே மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தேன். அக்கா கீழே கேரட்டுக்கு நடுவிலிருந்து, “ஏலே, சாப்பாடு ஆறிப்போய்க் கெடக்கு!” என்று இரண்டு முறை கத்தினாள். சிக்னல் தேடுகிறேன் என்று திருப்பிக் கத்தினேன். இனியா மடிக்கணினியை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். என் சோனி மந்திரவாதி இரண்டாவது தளத்தில் செத்துவிட்டானாம். பிணத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டியிருந்ததாம். அதற்குள் இன்னும் இரண்டு பேருக்குக் காயமாம். கோபமாகத்தான் சொன்னாள்.

“விட்டுட்டு வந்திருக்கலாமே?” என்றேன்.

“பேர் போட்டாச்சுல்ல” என்றாள்.

ஈரப்புல்லில் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்த கைபேசியை எட்டிப் பார்த்தாள். சம்மதப் பக்கம் திறந்தே இருந்தது, அடியில் வெள்ளையாக ஒரு கட்டம்.

“சிக்னல் கிடைக்கலம்மா” என்றேன். “மேகம்.”

அவள் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். பிறகு, நாய்க்குக் கூடக் கொடுத்த அதே மரியாதையோடு என்னிடம் திருப்பித் தந்தாள்.

“மூணு கோடு இருக்குப்பா. போடுங்க.”

விரலால் போட்டேன். கோணல்மாணலாக வந்தது, என் கையெழுத்து மாதிரியே இல்லை. ஆனாலும் கம்பெனி அதைக் கையெழுத்தாக ஏற்றுக்கொண்டது.

இதை எழுதுகிற இப்போது அதே சரிவில்தான் இருக்கிறேன். மழை விட்டுவிட்டது, வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. கலாவிடம் சொல்வதற்கு மட்டும் இன்னும் சிக்னல் கிடைக்கவில்லை.